ரத்தத்தில் ஓர் ஆள்மாறாட்டம்

(சின்ன காஞ்சிபுரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரதர் கோயில் மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போய் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன்; ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். தெருவில் எனக்கு 'ரத்தம் எடுக்கிறவர்' என்று பெயர். உண்மையில் நான் யாருக்கும் ஊசி குத்தியதில்லை. குத்தி எடுத்த ரத்தம் உள்ளே வந்த பிறகு மெஷினோடு மல்லுக்கட்டுகிற ஆள். இன்றைக்குச் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சர்க்கரையைப் பற்றி இந்த மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் ஹார்மோனை அளந்தால், தாளில் வருகிற எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

என் அத்தையிடமிருந்து தொடங்குகிறேன். கை விரல் மூட்டுகள் வீங்கி, மடக்க முடியாமல் போய், முடக்குவாதம் என்று சொல்லி அவருக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் சாப்பிட்டார். விரல் மடங்கியது, மறுபடி தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்தார். முகம் மட்டும் பூரி மாதிரி உப்பிவிட்டது. இனி மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்க்க ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். கார்டிசால். அன்று காலை 7 மணிக்குக் கஞ்சி குடித்து, வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 8.30 மணிக்கு அத்தை ரத்தம் கொடுத்தார். சாயங்காலம் தாள் வந்தது: 15.8 மைக்ரோகிராம். பக்கத்தில் அச்சடித்திருந்த இயல்பு அளவு 6-லிருந்து 19 வரை. கோயில் குளத்து மண்டபம் மாதிரி எண் இரு கரைக்கும் உள்ளே பத்திரமாக நின்றது. கார்டிசாலைச் சுரக்கிற சுரப்பி நன்றாக வேலை செய்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

ஆறாம் நாள் அத்தைக்கு லேசான வயிற்றுப்போக்கு. சாயங்காலம் வாந்தி. விளக்கு வைக்கிற நேரத்தில் தறிக்குழிப் பக்கத்தில் மயங்கிச் சரிந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80. சோடியம் 124. அங்கே பணியிலிருந்த இளம் டாக்டர் அத்தையின் வீங்கிய முகத்தைப் பார்த்தார், "இந்தம்மா ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டார். சில மணி நேரத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். நான் சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, உங்க மெஷின் எல்லாம் சரியா இருக்குன்னுதானே எழுதிக் குடுத்துச்சு? அப்புறம் எனக்கு ஏன் எழுந்து நிக்க முடியல?"

இந்தச் சொற்பொழிவே அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. மாதிரி மாறிப்போகவில்லை. மெஷின் பழுதில்லை. ஆனாலும் எண் தவறு.

கார்டிசால் யார் என்று முதலில் பார்ப்போம். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் வைத்த மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள், ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். அட்ரினல் என்று பெயர். அவை சுரக்கிற முக்கியமான ஹார்மோன்தான் கார்டிசால். ரத்த அழுத்தம் இறங்காமல் பிடித்து நிறுத்துவது, பட்டினியில் சர்க்கரையைத் தாங்குவது, காய்ச்சல், அடி, அறுவை சிகிச்சை என்று உடம்புக்கு இக்கட்டு வரும்போது ஈடுகொடுப்பது எல்லாம் இதன் வேலை. மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பித்தான் அட்ரினலை வேலை வாங்குகிறது. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி ஆணையை நிறுத்திவிடும். கார்டிசாலின் வேலையைச் செய்கிற ஸ்டீராய்டு வெளியிலிருந்து மாத்திரையாக வந்தாலும் பிட்யூட்டரிக்கு வித்தியாசம் தெரியாது. வேலை நடக்கிறது என்று சும்மா இருந்துவிடும். ஆணை வராத சுரப்பி மெதுவாகச் சுருங்கும். முதலாளி பாவு தராத தறி மாதிரி. மூன்று நான்கு வாரத்துக்கு மேல், உடம்பு தானாகச் சுரக்கிற அளவைத் தாண்டி ஸ்டீராய்டு சாப்பிட்ட எவருக்கும் இது நேர்ந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தறியை மறுபடி ஓட்ட மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

ஸ்டீராய்டைத் திட்டுவதற்கு நான் இங்கே வரவில்லை. 1948 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில், 1950-ல், ஹெஞ்சுக்கும் எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. நம் பக்கத்து வேலூரில் 1971 முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்துவருகிறது. அப்படி மாற்றிக்கொண்டவர்களில் பலர் வருடக்கணக்காகப் பிரெட்னிசலோன் சாப்பிட்டுத்தான் அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உயிர் காக்கிற மருந்து. அதை அளக்கிற விதத்தில்தான் சிக்கல்.

எண் எப்படித் தவறாகிறது? கார்டிசாலை மெஷின் கண்ணால் பார்ப்பதில்லை, எடை போடுவதும் இல்லை. எதிர்ப்புரதம் என்ற ஒன்றை வைத்துத் தேடிப் பிடிக்கிறது. 1950-களின் கடைசியில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் இன்சுலினை அளப்பதற்குக் கண்டுபிடித்த வழி இது. யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து வருடம் முன்பே இறந்துவிட்டார். இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிற ஹார்மோன் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அந்த யோசனையின் வாரிசுகள்.

கார்டிசால் மிகச் சின்ன மூலக்கூறு. எதிர்ப்புரதம் உண்டாக்குவதற்காக அதை அப்படியே ஒரு முயலுக்குள் செலுத்தினால் முயலின் உடம்பு கண்டுகொள்ளாது, எதிர்ப்புரதம் செய்யாது. அதனால் அதை ஒரு பெரிய புரதத்தில் கட்டி அனுப்புகிறார்கள். எந்த முனையைப் பிடித்துக் கட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். பட்டுக்கடையில் விற்கிறவர் புடவையின் ஒரு முனையைக் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு முந்தியை மட்டும் விரித்துக் காட்டுகிறார் என்று வையுங்கள். உங்களுக்கு முந்தியின் அன்னமும் யாளியும் மனப்பாடம் ஆகும். கைக்குள் இருக்கிற பக்கம் எப்படி என்று தெரியவே தெரியாது. கார்டிசாலில் நான்கு வளையங்கள். பல கருவிகளுக்குச் செய்த எதிர்ப்புரதங்களில், முதல் வளையத்தைப் பிடித்துத்தான் பெரிய புரதத்தோடு கட்டினார்கள். ஆகவே எதிர்ப்புரதத்துக்கு மறு முனைதான் நன்றாகத் தெரியும்.

இப்போது பிரெட்னிசலோனைப் பாருங்கள். கார்டிசாலின் மூலக்கூறு எடை 362. பிரெட்னிசலோனின் எடை 360. வித்தியாசம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதே முதல் வளையத்தில், கைக்குள் மறைந்த பக்கத்தில்! மருந்து செய்தவர்களுக்கும் பரிசோதனை செய்தவர்களுக்கும் இடையே யாரும் பேசி வைத்துச் செய்த சதி இல்லை. ஆனால் இதைவிடக் கச்சிதமாக ஆள்மாறாட்டம் செய்ய முடியாது. முந்தியைப் பார்த்த எதிர்ப்புரதம் "இது கார்டிசால்தான்" என்று பிரெட்னிசலோனையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. 7 மணிக்குப் போட்ட மாத்திரை 8.30-க்கு ரத்தத்தில் உச்சத்தில் இருந்தது. அத்தையின் 15.8-ல் பெரும்பகுதி அவர் விழுங்கிய மாத்திரை.

மீதில் பிரெட்னிசலோனிலும் இதே கதைதான்; சில பழைய கருவிகளில் இன்னும் மோசம். ஆனால் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகியவற்றில் மாற்றம் நடுவிலும் மறு முனையிலும் இருக்கிறது, ஒரு ஃப்ளோரின் அணுவும் கூட. எதிர்ப்புரதம் பார்க்கிற பக்கமே வேறு மாதிரி இருப்பதால் அது ஏமாறுவதில்லை. அங்கே எண் உண்மையைச் சொல்லும்: சுரப்பி தூங்குகிறது, கார்டிசால் தரையில் கிடக்கிறது. ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறவர்களுக்கு விவகாரமே வேறு. அந்த மருந்து கார்டிசாலேதான், பெயர்தான் மாறியிருக்கிறது. மெஷின் அளந்தது சரி. எது சுரப்பியிலிருந்து வந்தது, எது கடையிலிருந்து வந்தது என்று உலகத்தில் எந்த மெஷினாலும் வழக்கமான பரிசோதனையில் சொல்ல முடியாது.

"உங்கள் கூடங்களில் தரக்கட்டுப்பாடு என்று ஒன்று இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நான் அதற்குச் சாட்சி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் உயிர்வேதியியல் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் உள்ள கூடங்களுக்கு ஒரு தேர்வு நடத்துகிறது. சீசாவில் உலர்ந்த சீரம் வரும். அளவாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மற்ற நோயாளிகளின் ரத்தத்தைப் போலவே மெஷினில் ஓட்டி, எண்ணை வேலூருக்கு அனுப்ப வேண்டும். அதே முறையில் அளக்கிற மற்ற கூடங்களின் எண்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு அனுப்புவார்கள். அந்தத் தாள் வருகிற நாளில் எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற மாதிரி வயிறு கலங்கும். நல்ல ஏற்பாடு, ஒழுங்காக நடக்கிற கூடத்தையும் நடக்காத கூடத்தையும் அது பிரித்துக் காட்டும். ஆனால் கவனியுங்கள்: ஒப்பீடு ஒரே முறைக்காரர்களுக்குள். அந்தச் சீரத்தில் பொதுவாக யாரும் பிரெட்னிசலோனைக் கலப்பதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி ஏமாறுகிற இடத்தில் எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கலாம்.

புதிய தலைமுறைக் கருவிகளில் எதிர்ப்புரதத்தை மாற்றியிருக்கிறார்கள். பிரெட்னிசலோனை முன்னைப்போல அள்ளி எண்ணுவதில்லை, ஆனாலும் கொஞ்சம் எண்ணத்தான் செய்கின்றன. எந்தக் கருவி எந்த மருந்துக்கு எவ்வளவு ஏமாறும் என்று கிட்டோடு வருகிற தாளில் பொடி எழுத்தில் அட்டவணையே போட்டிருப்பார்கள். கூடத்தில் இருக்கிறவர்களே அதைப் படிப்பதில்லை என்பது என் வருத்தம். மடிப்புக் குலையாமல் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஏமாறாத வழி இல்லையா? இருக்கிறது. நம் ஊரில் ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்து வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை என்று பிரித்துப் பார்ப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழிக்கு ஈடானது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறின் எடையையே பார்க்கிறது. 362 வேறு, 360 வேறு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கார்டிசோன் என்று உடம்பிலேயே இருக்கிற இன்னொரு பொருளின் எடையும் 360-தான், அணுக் கணக்கும் அச்சாகப் பிரெட்னிசலோன்தான். அதனால் எடை பார்ப்பதற்கு முன், ஒரு மெல்லிய குழாய் வழியாகத் திரவத்தோடு ஓடவிட்டு, யார் முதலில் வெளியே வருகிறார் என்று பிரித்துக்கொள்வார்கள். அருமையான முறை, ஆனால் செலவு அதிகம். காஞ்சிபுரத்தில் கொடுத்த ரத்தம் அதற்காகப் பெருநகரத்துக் கூடத்துக்குப் பயணம் போக வேண்டும். எல்லாருக்கும் அது தேவை என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு எளிய வழி, மாத்திரைக்கும் ரத்தம் கொடுப்பதற்கும் நடுவில் 24 மணி நேர இடைவெளி விடுவது; அது இலவசம். பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

பிரெட்னிசலோன் ரத்தத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். முந்தின நாள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு, மறுநாள் காலை 8 மணிக்கு, அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்தால், ஆள்மாறாட்டம் செய்கிறவர் பெரும்பாலும் வீட்டைக் காலி செய்திருப்பார். அத்தைக்குப் பிற்பாடு டாக்டர் சொல்லி இப்படித்தான் எடுத்தோம். வந்த எண் 1.9. அதுதான் அத்தையின் சொந்தச் சுரப்பி. 2024-ல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், காலைக் கார்டிசால் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது, 5-க்குக் கீழே என்றால் மாத்திரையைத் தொடருங்கள், நடுவில் இருந்தால் காத்திருந்து மறுபடி பாருங்கள் என்கிறது. நடுவில் நிற்கிறவர்களுக்கு ஏ.சி.டி.எச். ஊசி போட்டுச் சுரப்பியைத் தட்டி எழுப்பிப் பார்க்கிற பரிசோதனையும் உண்டு.

மணியையும் சொல்ல வேண்டும். கார்டிசால் விடியற்காலை ஏறி, 8 மணி சுமாருக்கு உச்சத்தில் நின்று, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். சாயங்காலம் எடுத்த ரத்தத்தைக் காலை அளவோடு ஒப்பிட்டால் எல்லாருமே நோயாளிதான். நம் தெருவில் நெசவை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு நைட் ஷிப்ட் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் காலை 8 மணி, அவர்கள் உடம்புக்குக் காலை 8 மணி அல்ல. வைகாசி கருட சேவைக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு நேரே ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள் என்பேன்.

இன்னும் இரண்டு குறுக்கீடுகள், சுருக்கமாக. கருத்தடை மாத்திரையில் இருக்கிற ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலைச் சுமக்கிற புரதத்தைக் கூட்டுவதால் மொத்த எண் ஏறித் தெரியும். முடி கொட்டுகிறது என்று வாங்கிச் சாப்பிடுகிற பயோட்டின் மாத்திரை, சில கருவிகளில் கார்டிசாலை ஏற்றியும் தைராய்டின் டி.எஸ்.எச்.சை இறக்கியும் காட்டும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதற்கு எச்சரிக்கை விட்டது. ஸ்டீராய்டும் டி.எஸ்.எச்.சை இறக்கும், ஆனால் அது மெஷினின் ஏமாற்றம் இல்லை, உடம்பில் நிஜமாகவே இறங்குகிறது.

இனி நான் சொல்வது சிலருக்குக் கோபம் வரவழைக்கலாம். அத்தைக்காவது தான் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்று தெரியும். தெரியாமல் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? தறிக்குழியில் காலை விட்டு மிதி மிதித்து முழங்கால் போனவர்கள், மழைக்காலத்தில் மூச்சு இழுக்கிறவர்கள், சீட்டு இல்லாமல் கடையில் "கால் வலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் பொட்டலத்தில் நாலு மாத்திரை வரும். அதில் ஒன்று பெரும்பாலும் டெக்சாவோ பீட்டாவோதான். பேர் தெரியாத மூட்டுவலிச் சூரணத்திலும் ஸ்டீராய்டைக் கலந்து விற்றுப் பிடிபட்டிருக்கிறார்கள். முகம் சிவக்க வேண்டும் என்று தடவுகிற கிரீமிலும் உண்டு. 2018-ல் மத்திய அரசு அப்படிப்பட்ட பல கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்த டெக்சா அட்டை இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரியில் இருக்கிறது. இவர்களுக்குக் கார்டிசால் பார்த்தால் எண் கீழே கிடக்கும். முகமோ உப்பியிருக்கும். உப்பிய முகமும் விழுந்த கார்டிசாலும் ஒரே ஆளிடம் இருந்தால், எங்கிருந்தோ ஸ்டீராய்டு உள்ளே போகிறது என்று அர்த்தம். நோயாளி "நான் ஒண்ணும் சாப்பிடலையே" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

ஆக, கூடத்துக்காரருக்கு உங்கள் மாத்திரை தெரியாது. டாக்டருக்கு மாத்திரை தெரியும், அன்று காலை அதை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பது தெரியாது. மெஷினுக்கு இரண்டுமே தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். ரத்தம் கொடுக்கிற இடத்தில் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்; சீட்டின் ஓரத்தில் மாத்திரை பேரையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி, தடவுகிற களிம்பு எல்லாமே கணக்கில் சேரும். அன்றைய மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே தள்ளிப்போடுங்கள். எந்த எண்ணைப் பார்த்தும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி வேண்டும், அதற்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2020 முதல் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அவசர அட்டையே கொடுக்கிறார்கள். நமக்கு அட்டை வருகிறவரை, ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்' என்று எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் போதும். அத்தை தன் வெற்றிலைப் பையில் வைத்திருக்கிறார்.

அத்தையின் மாத்திரையை மெதுவாகக் குறைத்து 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். போன மாதம் எடுத்த எண் 4.1. இன்னும் நிறுத்தவில்லை.

மணி ஆகிவிட்டது, கேள்விகளுக்கு வரலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். பேரை நானே படித்துச் சொல்கிறேன்.